மையவாடியில் ஒரு நீலக் கட்டை

போன சனிக்கிழமை நான் நடுவராகப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பேப்பரில் வாரா வாரம் எழுதுகிறவனுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கதி வரத்தான் செய்யும். மாலை போடுவார்கள். சோடா உடைத்துத் தருவார்கள். கையில் மார்க்ஸ் தாளைத் திணித்து முன்வரிசையில் இருத்திவிடுவார்கள். பிறகு எழும்ப முடியாது.

கல்முனையில் ஒரு மண்டபம். இளைஞர் தலைமைத்துவப் பயிற்சியின் கடைசி நாள். ஐந்து டீம்கள். ஒவ்வொரு டீமும் தான் செய்த சமூக சேவைத் திட்டத்தை மேடையேறி விளக்க வேண்டும். நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு பஸ் இல்லை... இருந்தாலும் ஏறத் துணிவில்லை. நாட்டு நடப்பு உங்களுக்குத் தெரியாததா?

முதலாவது டீம் பஸ் நிலையத்துக்கு வெள்ளை அடித்திருந்தது. வெற்றிலை துப்புகிறவர்களுக்கு இனி நல்ல வசதி. இரண்டாவது டீம் வீதியோரம் மரக்கன்று நட்டிருந்தது. ஆடுகளுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று கேள்வி. மூன்றாவது டீம் என்ன செய்தது என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அவர்களின் ரிப்போர்ட்டுக்கு நல்ல அட்டை போட்டிருந்தார்கள்.

நாலாவது டீமின் லீடர் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். தெளிவான குரல்.

"எங்கள் செயற்றிட்டம் — மையவாடித் துப்புரவு."

எங்கள் ஊர் மையவாடி. என் வாப்பாவை அடக்கிய இடம். நாளைக்கு என்னையும் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள்.

அட்டையில் இரண்டு போட்டோக்கள் ஒட்டியிருந்தார்கள். ஒன்றின் கீழே 'முன்'. மற்றதன் கீழே 'பின்'. முன்னதில் எருக்கலை, நாயுண்ணிப் பற்றை, அதற்குள்ளே ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும் மீசான் கட்டைகள். ஆளை அடக்கிய பிறகு தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுவோமே, அந்தக் கட்டைகள். பின்னதில் பற்றை இல்லை. மட்டப்படுத்திய மணல். ஒரே உயரத்தில், ஒரே வெள்ளையில், கயிறு பிடித்து நட்ட புதுக் கட்டைகள், வரிசை வரிசையாக.

மண்டபம் கைதட்டியது.

நான் எழுந்து போட்டோக்களுக்குக் கிட்டப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கட்டையைத் தேடினேன். 'முன்' படத்தில் அது இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான், நிறம் தெரியாது. ஆனாலும் துடுப்பைப் பாதியில் அறுத்து அகன்ற பகுதியை நட்ட கட்டையை வடிவத்திலேயே கண்டுபிடிக்கலாம். 'பின்' படத்தில் அது இல்லை.

"கட்டையளப் புடுங்க ஆரிட்டக் கேட்டீங்க, தம்பி?"

"பள்ளிவாசல் நிர்வாகத்திட்ட சேர். கிராம சேவகரிட்ட. லெப்பையிட்டயும் கேட்டம்."

"சுத்தி இரிக்கிற ஊட்டுப் பொம்புளையளிட்ட?"

மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான், மரியாதையாகத்தான்.

"சேர், பொம்புளையள் மையவாடிக்கு வாறல்லயே."

சரியான பதில். எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குள் கால் வைப்பதில்லை. இறந்தவரின் ஜனாஸா வீட்டு வாசலைத் தாண்டினால் அதற்குப் பிறகு அது ஆண்களின் அலுவல். ஆகவே அவர்களிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

நான் அந்த டீமுக்கு நேரே மார்க்ஸ் எதுவும் போடாமல் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் தாராளமாகப் போட்டார்கள். முதற்பரிசு அவர்களுக்குத்தான். பிள்ளைகளின் உற்சாகத்தை நான் கெடுத்துவிட்டதாக ஏற்பாட்டாளர்களுக்கு என்மேல் கோபம். நியாயமான கோபம். ஆனால் அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

எப்படி இருக்கும்? அவர்கள் செய்ததை அவர்களுக்கு முன்பே, அதே மையவாடியில் செய்து, அதற்குக் கப்பும் வாங்கியவன் நான்.

எழுபத்தெட்டுப் புயல் அடித்து ஒன்றரை வருடம் இருக்கும். எனக்கு இருபத்துநாலு வயது. வேலை இல்லை; வாய் இருந்தது. பத்து நாள் தலைமைத்துவப் பயிற்சி ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. "தலைவன் என்றால் தீர்மானம் எடுப்பவன். தயங்குகிறவன் தலைவன் ஆக மாட்டான்" என்று காலையும் மாலையும் சொல்லுவார். நாங்கள் கொப்பியில் எழுதிக்கொள்வோம்.

கடைசி மூன்று நாளும் சமூக சேவை. டீம் டீமாகப் பிரித்தார்கள். என் டீமுக்கு நான் லீடர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, முதலில் பேசியவன் நான், அவ்வளவுதான். திட்டம், கூட்டுறவு, தோற்றம் என்று மூன்று தலைப்பில் மார்க்ஸ். தோற்றத்துக்குத்தான் அதிகம், ஏனென்றால் போட்டோ எடுப்பார்கள்.

மையவாடியைத் தெரிவு செய்தது வீண் யோசனை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புயலில் விழுந்த தென்னைகள் அங்கே கிடந்தபடியே கிடந்தன. முள்ளும் பற்றையும் இடுப்பளவு. அதற்கு முந்திய மாதம்தான் ஒரு ஜனாஸாவைக் கொண்டுபோகும்போது முன்னால் தூக்கியவரின் காலில் முள் ஏறிச் சந்தூக்குப் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டோம். ஆகவே தேவை இருந்தது. பள்ளிவாசலுக்குப் பொறுப்பான பெரிய மரைக்காரிடம் போய்க் கேட்டோம். "செய்யிங்க மக்காள், அல்லாஹ் கூலி தருவான்" என்றார். கிராம சேவகரும் சரி என்றார். இதைவிட ஒரு டீம் என்ன அனுமதி வாங்க முடியும்?

முதல் நாள் பற்றை வெட்டினோம். கை எல்லாம் கொப்புளம். அன்றைக்கு நாங்கள் செய்த வேலை நல்ல வேலை. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் காலையில்தான் என் சிநேகிதன் றவூப் அந்த யோசனையைச் சொன்னான். படம் கீறுவதில் கெட்டிக்காரன். எதையும் கோடு போட்டுப் பார்க்கிற கண்.

"மச்சான், கட்டையெல்லாம் கோணலும் மாணலுமா நிக்கிது. போட்டோவில வடிவா வராது. எல்லாத்தையும் புடுங்கிட்டு, நிலத்த மட்டமாக்கிட்டு, கயிறு புடிச்சி நேரா நட்டா என்ன?"

டீமில் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "மறுகா எந்தக் கட்டை எந்தக் கபுறுக்கு எண்டு எப்புடித் தெரியும்?"

எல்லோரும் லீடரைப் பார்த்தார்கள். தயங்குகிறவன் தலைவன் ஆக மாட்டான் அல்லவா?

"கபுறுக்கு அடையாளம் என்னத்துக்குடா? நாம கபுறு கட்டிக் கொண்டாடுற ஆக்களா? ஆரு எங்க கிடக்கிற எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். இதற்கு மேல் யார் என்ன சொல்வது? பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை அதுதான். ஒரு கேள்வி கையை மீறிப் போகிறதென்றால், எவரும் மறுத்துப் பேச முடியாத ஒரு பதிலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடுவது.

பிடுங்கினோம். பாதிக் கட்டைகள் உக்கியிருந்தன. தொட்டதும் கையோடு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. தெற்குப் பக்க மூலையில் நின்ற நீல நிறக் கட்டை. உடைந்த துடுப்பின் அகன்ற பாதி. யாரோ ஆழமாகத் தோண்டி, கல் வைத்து இறுக்கி நட்டிருந்தார்கள். நானும் றவூப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டி ஆட்டித்தான் எடுத்தோம். "ஆருடா இது, தோணிய அடக்கியிருக்கானுகள்" என்று றவூப் பகிடி விட்டான். நான் சிரித்தேன்.

அந்த நேரம் மதிலுக்கு வெளியே ஒழுங்கையில் ஒரு குரல். முக்காடு போட்ட ஒரு பெண்.

"தம்பி... தம்பிமாரே..."

றவூப் நிமிர்ந்து பார்த்தான். "ராத்தா, இஞ்ச பொம்புளையள் நிக்கப்படா. இது மையவாடி."

"ஓம் தம்பி, நான் உள்ளுக்கு வரல்ல. ஒரு கதை சொல்லோணும். லீடர் ஆரு?"

"வேலை முடிய வாறன் ராத்தா!" என்றேன் நான், கையை ஆட்டிக்கொண்டு.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். நான் போகவில்லை. மறந்தே போனேன். மறுநாள் மரக்காலையிலிருந்து புதுக் கட்டைகள் வந்தன, வெள்ளை அடித்தோம், கயிறு பிடித்தோம், நட்டோம். அதிகாரி கமராக்காரருடன் வந்தார். வாசற்பக்கம் மூன்று கல் வைத்து அவருக்குத் தேநீர் ஊற்றினோம். விறகுக்கு எங்கே போவது? பழைய கட்டைகள் கும்பியாகக் கிடந்தன. நீலத் துடுப்பை நான்தான் அடுப்புக்குள் தள்ளினேன். பெயின்ட் பொங்கிப் பொங்கி எரிந்தது. ஒருவித நாற்றம். அதிகாரி மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்தார். "வெரி குட், வெரி குட்" என்றார்.

கப் எங்களுக்குத்தான்.

ஆறு வாரம் கழிந்தது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கையில் அன்று குரல் கொடுத்த அதே பெண் என்னை மறித்தார். பெயர் நபீசா. "எங்கட ராத்தா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னா" என்றார்.

மையவாடி மதிலுக்கு எதிரே, ஒழுங்கைக்கு இந்தப் பக்கம், கிடுகு வேலி போட்ட சின்ன வீடு. கதவுச் சீலைக்குப் பின்னால் நபீசாவின் மூத்த சகோதரி ஆசியா ராத்தா இருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புயல் அன்று வீட்டுச் சுவர் விழுந்ததில் அவருடைய ஒரே பிள்ளை பரீதா மௌத்தாகிப் போனாள். ஏழு வயது. அன்றைக்கு ஊரில் எத்தனையோ ஜனாஸா. யார் யாரை எங்கே அடக்கினார்கள் என்று பார்க்க எவருக்கும் நேரமில்லை. பரீதாவின் வாப்பா கடற்றொழில்காரர். தன் தோணியின் உடைந்த துடுப்பைக் கொண்டுபோய் மகளின் தலைமாட்டில் நட்டார். நீலப் பெயின்ட் அடித்தார். அடித்துவிட்டு வந்து வேலியில் ஒரு கிடுகை விலக்கி ஓட்டை போட்டு, "இஞ்சால பாரு, அந்தா தெரியிதா?" என்று மனைவிக்குக் காட்டினார். மதில் அந்த இடத்தில் புயலுக்கு இடிந்து கிடந்தது. தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஓட்டைக்கு முன்னால் பாயைப் போட்டு ஆசியா ராத்தா குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதினார்.

பிறகு கணவரும் போனார். கடலுக்குப் போன தோணி கவிழ்ந்து, உடல் மூன்று நாள் கழித்து வினாயகபுரத்துக் கரையில் ஒதுங்கியது. அங்குள்ளவர்கள் கண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சொல்லி அனுப்பி, அங்கேயே அடக்கினார்கள். பிள்ளை கிடக்கும் இடம் நேரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நாங்கள் கயிறு பிடித்த அந்த நாட்களில் ஆசியா ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பாளே, அது.

"நீங்க புடுங்கக்குள்ள நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்த தம்பி. வெளிய வரேலா. கத்தவும் ஏலா. அதுதான் இவள அனுப்பின. இவள் போய்க் கூப்பிட்டாள்தானே?"

"ஓம் ராத்தா."

"இத்தா முடியட்டும் எண்டுதான் இருந்த. அந்த நீலக் கட்டைய எங்க நட்டிருக்கீங்க?"

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசகர்களே, நான் பெரிய வீரன் இல்லை. ஆனால் அவ்வளவு கோழையும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெயின்ட் பொங்கியது மூக்கில் மணத்தது.

"அது உக்கிப் போச்சி ராத்தா. புதுசா ஒண்டு செஞ்சி நடப் போறம்."

"இடம்?"

"இடம் தெரியும் ராத்தா. பிளான்ல குறிச்சி வெச்சிரிக்கம்."

பிளான்! ஒரு பிளானும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"அல்ஹம்துலில்லாஹ்! நான் பயந்து செத்துப் போன தம்பி" என்று சீலைக்குப் பின்னால் அழத் தொடங்கினார். நபீசா எனக்கு பிளேன்டி கொண்டுவந்து தந்தார். குடித்தேன். அதையும் குடித்தேன்.

மறுநாள் கடற்கரைக்குப் போய் மீனவர் வாடியில் ஒரு பழைய துடுப்பைக் கேட்டு வாங்கினேன். பாதியில் அறுத்தேன். நீலம் அடித்தேன். மையவாடிக்குள் நின்று அந்த வேலி ஓட்டையைப் பார்த்து, அங்கிருந்து எது நன்றாகத் தெரியும் என்று கணக்குப் பார்த்து, நாலாவது வரிசையில் ஒரு வெள்ளைக் கட்டையைப் பிடுங்கிவிட்டு நட்டேன். பரீதா எங்கே கிடக்கிறாள் என்று பார்க்கவில்லை. பார்க்க எந்த வழியையும் நாங்கள் விட்டு வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆசியா ராத்தா சொல்லி அனுப்பினார். "தம்பி, இன்னம் கொஞ்சம் தெக்கால நிண்ட மாதிரி எனக்குக் கிடக்கு..."

"பத்தை எல்லாம் வெட்டின ராத்தா. அதால உங்களுக்கு அப்புடித் தெரியிது."

அவர் ஒப்புக்கொண்டார். ஒன்றரை வருடம் பார்த்த தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டார். படித்த பொடியன், லீடர், கப் வாங்கியவன்... பொய்யா சொல்லப் போகிறான்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வரும். "பரீதாவக் காட்டித் தந்த தம்பிக்கு" என்று சொல்லி அனுப்புவார். என் மனைவி அதைப் பெருமையோடு வாங்கி வைப்பாள். எனக்குத் தொண்டையில் இறங்காது. ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னால் போய் அந்தக் கட்டைக்கு நீலம் அடித்துவிட்டு வருவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருடம் வெட்கம். பிறகு பயம். பிறகு, 'அவருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன்' என்று ஒரு சமாதானம். இந்தச் சமாதானம்தான் மூன்றிலும் கேடு கெட்டது.

மூன்று வருடத்துக்கு முன் ஆசியா ராத்தா படுக்கையில் விழுந்தார். வயிற்றில் கட்டி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குச் சீலை இல்லை. அவ்வளவு வருடத்தில் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன அவளுக்குப் பக்கத்துல வெக்கச் சொல்லுங்க தம்பி. ஒங்களுக்குத்தான் இடம் தெரியும்."

பக்கத்தில் நபீசா நின்றார். அது எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஓம் ராத்தா."

நான்கு நாளில் மௌத்தானார். பள்ளியில் நான்தான் பேசி அனுமதி வாங்கினேன். காலையிலேயே கபுறு வெட்டுகிற ஆதம்பாவா காக்காவைக் கூட்டிக்கொண்டு போய் நீலக் கட்டைக்குப் பக்கத்தில் இடம் காட்டினேன். வெட்டினார். கடற்கரை மண், நிற்காது. இடுப்பளவு இறங்கியதும் கட்டை நின்ற பக்கம் மணல் சரிந்தது. ஆதம்பாவா காக்கா மண்வெட்டியை நிறுத்தினார்.

"சின்னப் புள்ளைட கபுறு எண்டுதானே சொன்னீங்க, தம்பி?"

"ஓம் காக்கா."

அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையால் மணலை அள்ளி மெதுவாக அந்தப் பக்கத்தை மூடினார்.

"இது வளர்ந்த ஆள். கால் எலும்பு. பெரிய ஆள்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டவா?"

அந்த நேரம் வீட்டில் குளிப்பாட்டி முடித்திருப்பார்கள். சந்தூக்கு வாசலுக்கு வந்திருக்கும். நிற்பாட்டினால் காரணம் சொல்ல வேண்டும்.

"வெட்டுங்க காக்கா" என்றேன்.

வெட்டினார். அதற்குப் பிறகு அவர் மௌத்தாகும் வரை என்னோடு இதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். படுக்கையில் விழும்வரை அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருந்த பெண்ணைப் பெயர் தெரியாத எவனோ ஒருவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பிள்ளையோட சேந்துட்டா" என்று ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் பிள்ளைகளும் கட்டைகளைப் பிடுங்கினார்கள். மட்டப்படுத்தினார்கள். கயிறு பிடித்தார்கள். மூன்றாவதாக ஒரு போட்டோவும் இருந்தது — டீம் முழுவதும் நின்று தேநீர் குடிக்கிற படம். கீழே கல் அடுப்பு. என்ன எரிகிறது என்று படத்தில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நபீசா ஆள் அனுப்பினார். இப்போது அந்த வீட்டில் அவர்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை யாஸீனும் அதே ஓட்டைக்கு முன்னால்தான்... இப்போது இரண்டு பேருக்காக. மதிலின் அந்த இடிந்த பகுதியை யாரும் திருத்தவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

"தம்பி, பொடியனுகள் எல்லாத்தையும் புடுங்கி நேரா நட்டிருக்கானுகள். நீலக் கட்டையக் காணல்ல. ராத்தா எங்க, பரீதா எங்க எண்டு எனக்கு விளங்குதில்ல. ஒங்களிட்ட அந்த பிளான் இரிக்கிதானே? கொண்டந்து ஒருக்கா காட்டுங்களன்."

இத்தனை வருடம் அந்தப் பொய் அங்கேயே இருந்திருக்கிறது, எனக்காக.

"பிளான் இல்ல ராத்தா" என்றேன். "எப்பவும் இருக்கல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு. தேநீர். வாடியில் வாங்கிய துடுப்பு. ஆதம்பாவா காக்கா கையால் மூடியது. ஒன்றையும் விடவில்லை. அவரிடம் சொல்லாமல் இதை எழுதியிருக்கவும் மாட்டேன். அவர் இடையில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப... எங்கட ராத்தா இத்தன வருசமும் ஆரைப் பாத்து ஓதினா?"

என்னிடம் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். யாஸீனை எந்தப் பக்கம் பார்த்து ஓதினாலும் போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேரும். யார் எங்கே கிடக்கிறார் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். உண்மையான பதிலும்கூட. மார்க்கம் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்லுவார்கள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் இருபத்துநாலு வயதில் கட்டைகளைப் பிடுங்குவதற்கும் நான் இதே பதிலைத்தானே சொன்னேன்?

"தெரியாது ராத்தா" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். திங்கட்கிழமை நான் மையவாடிக்குப் போனேன். ஆசியா ராத்தாவுக்கு நான் மண் போட்ட இடத்தையாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். வரிசைகளை எண்ணினேன், மதிலிலிருந்து அடி வைத்துப் பார்த்தேன்... வெள்ளைக் கட்டைகள்தான், ஒரே உயரத்தில். மிகச் சுத்தமாக இருக்கிறது. முள் ஒன்றும் இல்லை.

நேற்று அந்த ஒழுங்கையால் வந்தேன். வேலி ஓட்டையை அடைத்திருந்தார்கள் — புதுக் கிடுகு.